சீல் இல்லாத உறை

வாக்கு எண்ணும் கூடத்தில் தேர்தல் அதிகாரி அந்தப் பெயரை வாசித்ததும், அவள் முகவர்களைத் தடுக்கும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள்.

ச. ஆவுடையப்பன். இடைநிலை ஆசிரியர். தபால் வாக்கு.

அப்பா.

மாற்றுக் கட்சி முகவர் சுடலைமணி கையைத் தூக்கினார்.

"ஆள் செத்து மூணு வாரமாச்சு சார். செத்தவர் ஓட்டு எப்படிச் செல்லும்?"

மூன்று வாரத்துக்கு முன், வாக்குப்பதிவு நாளில்தான் அது நடந்தது. பக்கத்துத் தொகுதியில், மின்விசிறி ஓடாத வகுப்பறையில், யாருடைய விரலுக்கோ மை வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா சரிந்தார். தன் ஓட்டை ஆறு நாள் முன்னதாகத் தேர்தல் பணிப் பயிற்சி முகாமில் போட்டிருந்தார்.

அந்த உறை பிரிவதைப் பார்க்கத்தான் அவள் ஒரு கட்சியிடம் கேட்டு முகவர் அட்டை வாங்கியிருந்தாள்.

"போட்டப்போ உயிரோடதான் இருந்தார். செல்லும்," என்றார் தேர்தல் அதிகாரி.

சுடலைமணி விடவில்லை. "அப்போ உறுதிமொழிப் படிவத்தைப் பாருங்க. சான்றொப்பம் போட்ட அதிகாரி கையெழுத்து இருக்கு. அவர் சீல் எங்க?"

அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். சீல் இல்லை.

சிவப்பு மையில் எழுதினார்: நிராகரிக்கப்பட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் கொதித்தன.

அடுத்த உறை. அதே முகாம். சான்றொப்பத்தில் அதே கையெழுத்து.

அவள் எழுந்தாள். "சீல் இல்ல சார். ஆட்சேபணை."

சிவப்பு மை.

அடுத்தது.

"சீல் இல்ல."

அடுத்தது.

ஏழாவது உறையில் அவள் கட்சியின் தலைமை முகவர் பின்னாலிருந்து தோளை அழுத்தினார். "உக்காரும்மா. வாத்தியாருமாரு ஓட்டு பூரா நமக்குத்தான். நீயே கெடுக்காத."

தோளை உதறினாள்.

"எங்கப்பாவுக்குன்னா மட்டும் சட்டமா? எல்லாத்துலயும் எழுதுங்க சார். செவப்பு மையில எழுதுங்க!"

கூடத்தில் மற்ற மேசைகள் திரும்பிப் பார்த்தன.

போலீஸ்காரர்களின் உறைகள் வரத் தொடங்கின. அதே முகாம்; அவற்றிலும் சீல் இல்லை. போலீஸ் ஓட்டு சுடலைமணியின் கட்சிக்கு விழுபவை; அவருக்கு வியர்த்தது. "சின்ன விஷயம் சார். சீல்தான? விட்டுருங்களேன்."

"ஆட்சேபணை," என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். வெளியே போய்ப் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அறிவித்தார். அன்று அந்த முகாமுக்கு சீல் வந்து சேரவே இல்லை. தவறு அலுவலகத்துடையது. பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் போதும். எல்லாம் செல்லும்.

ஒவ்வொன்றாகச் சிவப்பு எழுத்தை அடித்தார். முதலில் அப்பாவுடையது.

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாக்குச்சீட்டு இருந்த உள்ளுறைகளைத் தட்டில் கொட்டினார்கள். ஓர் ஊழியர் இரண்டு கையாலும் கலைத்தார். எது அப்பாவுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

முதல் உறையைப் பிரித்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

சுடலைமணியின் கட்சிக்கு விழுந்த ஓட்டு. அதுவும் அப்பாவுடையதாக இருக்கலாம்.

அவள் உட்காரவில்லை.