ஆறு மணி வாக்கெடுப்பு

வாசலில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுநர் காத்திருந்தார். கூடத்தில் பூட்டிய பெட்டியும், அதன் மேல் மடித்து வைத்த வெள்ளைத் துண்டும் தயாராக இருந்தன. புதுச்சேரியின் மக்களவை உறுப்பினர் அம்மாவாசை தில்லிக்குப் புறப்பட வேண்டிய நாள் அது.

அன்று மாலை ஆறு மணிக்கு அரசின் துணைச் செலவு மசோதா வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. எதிர்வரிசையில் இருந்த அம்மாவாசை போய்ச் சேர்ந்தால் அரசு ஒரே ஒரு வாக்கில் தோற்கும். போகாவிட்டால் இரு பக்கமும் சமமாகும். சபாநாயகரின் வாக்கு அரசைக் காப்பாற்றிவிடும்.

அவரை ஏற்றிச் செல்ல லாஸ்பேட்டை விமான நிலையத்தில் சிறிய தனி விமானம் ஒன்று நின்றது. இரண்டு மணிக்குள் அது கிளம்பியாக வேண்டும்.

பதினொரு மணிக்கு உதவியாளர் செம்மலின் கைப்பேசி ஒலித்தது. ஆளுங்கட்சியின் கொறடா இளஞ்செழியன் தில்லியிலிருந்து பேசினார்.

“தம்பி, அண்ணன்கிட்ட போனக் குடு.”

“அண்ணன் போன்ல பேச மாட்டாருங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க.”

“ரெண்டு நாளா உங்கிட்டதானய்யா சொல்லிக்கிட்டிருக்கேன். அண்ணன் இன்னைக்கு வூட்லயே இருக்கட்டும். அதுக்கு என்னா வேணும்?”

செம்மல் ஒரு தாளைப் பிரித்தார். முந்தைய நாள் அம்மாவாசை தம் கையால் எழுதிக் கொடுத்த தாள் அது.

“மூடுன மில்லுங்க நெலத்த விக்கிற மசோதா அடுத்த வார அலுவல் பட்டியல்ல இருக்குது. அத எடுக்கணும். ஜவுளித் துறைக்கு இப்ப ஒதுக்குற பணத்துல முதலியார்பேட்டை மில்லத் தொறக்க ஒரு பங்கு வெக்கணும்.”

“பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். பணம்லாம் கேக்காத. நிதி மந்திரி என்னக் கடிச்சிக் கொதறிடுவாரு.”

“அப்ப கார் கெளம்பும்ங்க.”

“என்னாய்யா, கழுத்துல கத்திய வெக்கிற?”

“மில்லு மூடுன நாள்லேர்ந்து எங்க கழுத்துல நாலு வருசமா இருக்குதுங்க.”

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நிலம் விற்கப்பட்டுவிட்டால் மில் என்ற சொல்லே மிஞ்சாது. அதைத் தடுக்க இன்று ஒரு நாள்தான் இருந்தது.

வெளியே மார்கழித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூடிய படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து ஏ.சி.யின் குளிர் கூடத்துத் தரைவரை பரவியது. கதவில் முதுகைச் சாய்த்து அம்மாவாசையின் மனைவி அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள்.

வழியனுப்ப வந்த மில் தொழிலாளர்கள் ஐம்பது பேர் தெருவில் நனைந்துகொண்டு நின்றனர். அவர்களுள் மணியம்மாள் மட்டும் படியேறி உள்ளே வந்துவிட்டாள். மில் மூடியபின் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள் அவள்.

“என்னா அஞ்சலாட்சி, எங்ககூட தறியில நின்ன மனுசந்தான? எம்.பி. ஆயிட்டா மூஞ்சியக்கூட காட்ட மாட்டாரா?”

“சாயங்காலம் காட்டுவாருக்கா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா.”

“சாயங்காலம் தில்லில இல்ல இருப்பாரு? டீவியில பாக்கச் சொல்றியா?”

மணியம்மாள் முணுமுணுத்தபடியே இறங்கிப் போனாள்.

பன்னிரண்டரைக்குக் கொறடா மீண்டும் அழைத்தார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க. பெட்டியப் பிரிக்கச் சொல்லு.”

“போன்ல சொன்னா செல்லாதுங்க. சபையில மந்திரி எழுந்து சொல்லணும்.”

அவையில் அமைச்சர் தரும் உறுதிமொழி குறிப்பேட்டில் ஏறிவிடும். அதை நிறைவேற்றினாரா என்று கேட்பதற்கென்றே அங்கு ஒரு குழு உண்டு. அம்மாவாசை அடிக்கடி சொல்லிச் சொல்லிச் செம்மலுக்கு அது மனப்பாடம்.

“சொல்லி முடிச்சப்புறம் அண்ணன் பிளேன் ஏறிட்டாருன்னா? என் பொழப்பு போயிடும் தம்பி. கவர்மெண்டே போயிடும்.”

“அண்ணன் வர மாட்டாரு.” செம்மலின் குரல் உடைந்தது. “எம் பொண்ணு மேல சத்தியமா வர மாட்டாரு. வேணும்னா ஏர்போர்ட்டுல உங்க ஆள நிறுத்திக்குங்க.”

“டீவியப் போடு,” என்றார் கொறடா.

ஒன்று பத்துக்கு அமைச்சர் எழுந்தார். நில விற்பனை மசோதா அடுத்த வாரப் பட்டியலிலிருந்து விலக்கப்படுகிறது என்றார். புதுச்சேரி முதலியார்பேட்டை மில்லைத் திறக்க நிதி ஒதுக்கப்படும் என்றார். எதிர்வரிசையில் கூச்சல் எழுந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

தெருவில் யாருடைய கைப்பேசியிலோ அதைக் கேட்ட கூட்டம் ஒரு கணம் திகைத்து, பின் ஆரவாரித்தது. மணியம்மாள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ வெடி வாங்க ஓடினார்கள்.

கைப்பேசி ஒலித்தது. “சொல்லியாச்சு தம்பி. அண்ணனுக்கு என் வணக்கத்தச் சொல்லிடு.”

“சொல்றேங்க.”

செம்மல் கைப்பேசியை அணைத்தார். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி ஓட்டுநருக்குச் சைகை காட்டினார். பெட்டியின் மேலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவருகே வந்தார்.

அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“உசுரு போயி ஏழு மணி நேரமாவுது தம்பி, இனிமே அழலாமா?”