திரும்பி நில்லு

“திரும்பி நில்லு.”

விடுதியை நடத்தும் குணபூசணி ஆன்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னதும் விஷ்ணுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பினாங்கிலிருந்து கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வந்தவள் அவள். பிரிக்பீல்ட்ஸில் மலிவாக அறை கிடைத்தது என்று பார்த்தால், கூடவே ஒரு மாமியாரும் இலவசம்!

“எதுக்கு ஆன்டி?”

“எங்க போற?”

“புக்கிட் பிந்தாங். பார் இருக்கிற ரோட்டுக்கு. போதுமா?”

ஆன்டியின் பார்வை மஞ்சள் சட்டையிலிருந்து குட்டைப் பாவாடைக்கு இறங்கி, காலில் போய் நின்றது. “செருப்பு கறுப்பா, டார்க் புளூவா?”

“கறுப்பு. என் ஸ்கர்ட் பிடிக்கலன்னா கண்ண மூடிக்குங்க லா!”

ஆன்டி மூடவில்லை. குனிந்து, கணுக்காலில் இருந்த பட்டாம்பூச்சி டாட்டூவை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த நீல நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

விஷ்ணுப்ரியாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இன்னொரு நாள் இந்த விடுதியில் இருந்தால் தன் பெயரை மாற்றிக்கொள்வது என்று முடிவு கட்டினாள்.

“பெத்த பொண்ணையும் இப்படித்தான் நிக்க வெச்சுப் பாப்பீங்களா?”

“பாக்கல.”

“அதானே! ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் பாக்கலாம். எல்லாத்தையும் ஃபேஸ்புக்ல போடறேன், இருங்க.”

நோட்டைப் பிடுங்கிப் பிரித்தாள். ‘ரிஷி: சிவப்பு டி-சட்டை, வலது புருவத்தில் தழும்பு. விமலன்: சாம்பல் சிலுவார், வெள்ளைச் சப்பாத்து.’ பக்கம் பக்கமாக இப்படியே சட்டை, கால்சட்டை, காலணி, அடையாளம் என்று இருந்தது. ஆண்களையுமா இந்த அம்மா விட்டுவைக்கவில்லை?

குழப்பத்தோடு முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு பெயர்தான். ‘சுதர்சினி. வயது 22. உடை:’ என்று எழுதி, எதிரே வெறுமையாக விட்டிருந்தது.

“இவங்களுக்கு மட்டும் ஏன் எழுதல?” விஷ்ணுப்ரியாவின் குரல் அவளை அறியாமலே இறங்கிவிட்டது.

ஆன்டி நோட்டை வாங்கி மூடினார். வாசலை விட்டு விலகி அவளுக்கு வழிவிட்டார்.

“என் மக. காணாம போனப்ப என்ன போட்டிருந்தான்னு போலீஸ் கேட்டாங்க. அவ கிளம்பினப்ப நான் நிமிர்ந்தே பாக்கலம்மா.”