அம்பாசிடரைத் தேடி வந்தவள்

பாறசாலையில் ஆதித்யன் மூன்று வருடம் பாடுபட்டுப் புதுசாக்கியிருந்த பழைய அம்பாசிடரை, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நான் பொழியூர் லூயிசா. இது எனக்க வீட்டுக்காரரு பத்ரோஸ் வித்த வண்டியாக்கும்.”

“யாருக்கு வித்தாரு?”

“காட்டாக்கடை டாக்டருக்கு. அவரு ஒற்றசேகரமங்கலத்துல ஒரு ரப்பர் வியாபாரிக்குக் குடுத்தாரு. அந்த ஆளுதான் ஒனக்க வீட்டச் சொன்னாரு. ரெண்டு மாசமாத் தேடுதேன் மக்கா.”

ஆதித்யன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாளோ?

“ஆர்.சி. புக் என் பேர்லதான் உண்டு. வண்டியத் தர மாட்டேன்” என்றான்.

“வண்டி எனக்கு எதுக்கு? நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக்கிட்டு வந்தாப் போதும். மக ஷிஜாவுக்குப் பிரசவம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியிலதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா.”

ஆதித்யனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கட்டாயம் வாறேன். ஆனா இந்த வண்டி மேல அவளுக்கு அப்படி என்ன ஆசை?”

“அவ பொறந்ததே இந்தப் பின்சீட்டுலயாக்கும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அமரவிளையில வண்டி நின்னு போச்சு.”

ஆதித்யன் வாய்விட்டுச் சிரித்தான். லூயிசா சிரிக்கவில்லை.

“எலே, இந்தத் தடவையாவது ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேருமில்லியா?”