துவக்கைத் தொடாத பிள்ளை

அமெரிக்காவில் எழுந்த விவாதம் ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழ்ச்சங்கப் பட்டிமன்றத்துக்கும் வந்துவிட்டது: அனுமதிப்பத்திரம் உள்ள மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் கைத்துப்பாக்கி கொண்டு வரலாமா?

“நல்லாப் பழகினவைக்கே பதற்றத்தில குறி தப்பும். பக்கத்தில இருக்கிற அப்பாவிதான் சாவான்,” என்றாள் கஜந்தி.

“துவக்கைத் தொட்டும் பாக்காத நீர் குறியைப் பற்றிக் கதைக்கிறீர்,” என்றான் எதிரணிப் பிருந்தன். “பரதநாட்டியத்தில பழகின குறியோ?”

மண்டபம் சிரித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தவளை, முன்வரிசையில் இருந்த அம்மா தலையை ஆட்டித் தடுத்தார். கஜந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பிள்ளை பயத்தில கதைக்குது,” என்ற நடுவர், வெற்றிக் கிண்ணத்தைப் பிருந்தனிடம் கொடுத்தார்.

தேநீர் குடிக்கும்போது பிருந்தன் பக்கத்தில் வந்தான். “கோவிக்காதையும். வாற சனி ஸ்டேஷனடித் துவக்குச் சூட்டுக் கிளப்பில பழகத் தொடங்கிறன். நீரும் வாருமன், பயம் தெளியும்.”

“சனிக்கிழமை இவளுக்கு டான்ஸ் கிளாஸ், தம்பி,” என்று அம்மா அவசரமாகக் குறுக்கிட்டார்.

“காணும் அம்மா, எத்தினை பேருக்கு இந்தப் பொய்யைச் சொல்லுவியள்?” என்ற கஜந்தி, பிருந்தன் பக்கம் திரும்பினாள். “ஒன்பது மணிக்கு வாரும். என்ர வகுப்பில முதல் மாதம் ஒருத்தருக்கும் துவக்கு தரமாட்டன்.”