பதினாறு கேட்ட மாப்பிள்ளை

"பதினாறு இல்லேன்னா கல்யாணம் நின்னுடும் தம்பி" என்று பரந்தாமன் சொன்னதும், கடையில் நின்றிருந்த இன்னொருவர் பவுன் கணக்கு என்று நினைத்து உச்சுக் கொட்டினார். பவுன் இல்லை, மெமரி.

குமணன்சாவடியில் பாகம் பாகமாக வாங்கி வந்து கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கிற வீராசாமியின் கடை அது. தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அந்தப் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன். மகள் சாமுண்டீஸ்வரிக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை லோகநாதன் ஆவடியில் வெல்டர். நகை வேண்டாம், வண்டி வேண்டாம், ஒரு கம்ப்யூட்டர் போதும், மெமரி மட்டும் பதினாறு எம்.பி. இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். வெல்டருக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்கிற தைரியம் பெண்ணைப் பெற்றவனுக்கு எங்கிருந்து வரும்?

கம்ப்யூட்டருக்கே கறவை எருமை போய்விட்டது. மகள் பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் வேலைக்குப் போய்ச் சேர்த்த சம்பளம் மண்டபத்துக்குச் சரியாகிவிட்டது. இந்த நேரத்தில், பேசின விலைக்கு எட்டு எம்.பி.தான் வரும், மேலே இன்னொரு எட்டு போட்டால் விலை தனி என்று வீராசாமி சொன்னதும் மனிதர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். விற்பதற்கு இனி மனைவி முத்தம்மாளின் கம்மல்தான் பாக்கி. கல்யாணத்தன்று பெண்ணின் தாயை மூளிக் காதோடு நிற்க வைப்பதா?

வீராசாமி நல்லவன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்னான்.

"ஊட்டுக் கணக்கு, லெட்டரு, இதுக்கெல்லாம் எட்டே ஜாஸ்தி பெரியவரே. பத்திரிகை டிசைன் போடறவங்கதான் பதினாறு கேப்பாங்க. மாப்ளைகிட்ட பேசிப் பாருங்க."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பரந்தாமன் ஆவடிக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். லோகநாதன் அப்போதுதான் வேலை முடிந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், தெருவென்றும் பாராமல் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எட்டு போதும் என்று கடைக்காரரே சொல்கிறார், கொஞ்சம் மனசு வையுங்கள் என்று கெஞ்சினார்.

லோகநாதன் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்து இறக்கினான். உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னான். ஆனால் முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா. பதினாறு இல்லாம முடியாது."

காபி குடிக்காமலே திரும்பினார் பரந்தாமன். இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரனுக்கா பெண்ணைக் கொடுக்கப் போகிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் முத்தம்மாள் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, காதுத் துளையில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். மகள் வருவதற்குள் கொண்டுபோய் விற்றுவிட்டு வரச் சொல்லி, கம்மலை அவர் கையில் வைத்தாள். இந்தப் பதினாறு படுத்துகிற பாடு மகளுக்குத் தெரியக் கூடாது என்று இருவரும் இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்தக் காதைப் பார்த்ததும் பரந்தாமன் உடைந்துபோனார். கம்மலை அவள் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து விசும்பினார்.

"இந்தச் சம்பந்தமே வேணாம் முத்தம்மா. இன்னிக்குப் பதினாறு கேக்கறவன் நாளைக்கு முப்பத்திரண்டு கேப்பான். எம் பொண்ணு காலத்துக்கும் கண்ணு கலங்கிக்கினு கெடக்கணுமா? காலையில போயி பரிசத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

வேலை முடிந்து வந்த சாமுண்டீஸ்வரி வாசற்படியிலேயே நின்றுவிட்டிருந்தாள். அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டாள். அம்மாவின் காதைப் பார்த்தாள்.

மெல்ல வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரைத் திட்டாத நைனா. டிசைன் போடணும்னு நான் கேட்டா நீ வாங்கித் தர மாட்டே, அதான் அவரை வுட்டுக் கேக்க வெச்சேன்."