சோளக்காட்டில் ஒரு பெயர்

பூசணிக்காயைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

படம் எடுப்பதற்காக. மற்றவர்கள் சோடி சோடியாக நின்றார்கள். அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெளி இருந்தது. நண்பர் கடாட்சத்தின் கண் அதில் பட்டுவிட்டது. உடனே ஓடிப்போய், குவியலிலேயே பெரியதைக் கட்டிப்பிடித்து, மூச்சு வாங்கத் தூக்கிவந்து இறக்கினார்.

“பொருத்தம் பாக்கத் தேவையில்லை மச்சான்,” என்று அவர் தன் தொந்தியைத் தட்டிக் கடாட்சத்திடம் சொன்னார். “ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி.”

எல்லாரும் சிரித்தார்கள். பகிடி முடியும் முன்னரே.

மாசியில் மனைவி பவளம் இறந்த பிறகு இப்படித்தான். அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு. முன்பெல்லாம் இதே கூட்டத்தில் ஒரு சிரிப்பு வாங்க அவர் படாத பாடில்லை. பவளம் கடைசி வரை ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். தோள் குலுங்குவதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ரொறன்ரோவிலிருந்து இந்தப் பண்ணைக்கு வருகிற மூன்று குடும்பங்கள். அதில் ஒரு குடும்பம் இப்போது அவர் மட்டும்.

அப்பிள் மரத்தின் கீழ் சாப்பாடு.

“போனமுறை இதே மரத்துக்குக் கீழைதானே...” என்று தொடங்கினாள் கடாட்சத்தின் மனைவி நகுலா.

நிறுத்தினாள்.

அப்பிளுக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும் கட்டிவந்த பொட்டலத்தைப் பிரித்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் குளிரைப் பற்றிப் பேசினார்கள்.

நல்ல மனிதர்கள். அவரை ஏற்ற வரும்போதே வானுக்குள் கதைத்து முடிவெடுத்திருப்பார்கள். அவர் முன்னால் அந்தப் பெயர் வேண்டாம்.

அவருக்கோ அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, பவளம் என்று சொல்லிவிட்டால் போதும்.

இதைப் போய் எப்படிக் கேட்பது? மிளகாய்த்தூளைக் கேட்டு வாங்கலாம்.

கேட்டு வாங்கினார். உறைத்தது. கண்ணைத் துடைக்க நல்ல காரணம்.

பிறகு சோளக்காடு.

ஆளுயரத்துக்கும் மேலே காய்ந்து நின்ற சோளத்துக்குள் வளைந்து வளைந்து வழி வெட்டியிருந்தார்கள். காசு கொடுத்துத் தொலைவதற்கென்றே. உள்ளே போனவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கத்தினார்கள். மேகன். டானியல். ஹர்ப்ரீத். இலைகளுக்கு மேலால் பெயர்கள் பறந்தன.

இங்கே யார் யாரைக் கூப்பிட்டாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார்.

“பவளம்!”

குரல் கரகரத்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“பவளம்! எங்கையப்பா நிக்கிறாய்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அறுபது கடந்த மனிதன், சோளத்தோடு குடும்பம் நடத்துகிறான்.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார்.

செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் வளைவில் ஓடிவந்தாள். பண்ணையில் வேலை செய்கிறவள். கையில் வோக்கிடோக்கி.

“யாரைத் தொலைத்துவிட்டீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“மனைவியை.”

பொய் இல்லை.

பெயர் கேட்டாள். சொன்னார். “பவ்லம்?” என்றாள். “பவளம்,” என்றார். “பவலம்,” என்றாள். அது போதும் என்றிருந்தது அவருக்கு.

அவள் பொத்தானை அழுத்தி அந்தப் பெயரைச் சொன்னாள். வாசலில் நின்ற யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். அப்பிள் தோட்டத்திலிருந்து இன்னொரு குரல். டிராக்டர் வண்டியிலிருந்து ஒன்று. முழுப் பண்ணையும் இரைச்சலுக்கு நடுவே பவலம், பவலம் என்றது.

நிறுத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பகிடி விடுகிறவர் ஒவ்வொரு பவலத்தையும் எண்ணிக்கொண்டு நின்றார்.

“கடைசியாகப் பார்த்தபோது என்ன உடுத்தியிருந்தார்?”

“சேலை,” என்றார். “சிவப்பு. எங்கட கலியாணச் சேலை.”

பின்னால் சோளம் சலசலத்தது. நகுலா. அவரைத் தேடி வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

தொலைந்தது மானம் என்று நினைத்தார். நகுலா எதையும் உடனே நேர்ப்படுத்துகிற ஆள். இப்போது அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பாள். அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவாள். திரும்பும் வழியெல்லாம் வானுக்குள் குளிரைப் பற்றிக் கதைப்பார்கள்.

“சிவப்பில்லை அண்ணை,” என்றாள் நகுலா. “அரக்கு.”

அவர் அவளைப் பார்த்தார்.

“நான்தானே உடுத்திவிட்டனான். பெட்டி மூடுமட்டும் பக்கத்திலை நிண்டு மடிப்பைச் சரிசெய்து கொண்டிருந்தனான். பவளத்துக்குக் கசங்கினாப் பிடிக்காது.”

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். கருஞ்சிவப்பு என்று ஆங்கிலத்தில் திருத்தினாள். கரையில் சரிகை அன்னம் என்றாள். அன்னத்துக்குச் சொல் வராமல் கழுத்தைக் கையால் வளைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் ஒன்றுவிடாமல் வோக்கிடோக்கியில் சொன்னாள்.

“உயரம்?”

நகுலா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தோளுக்கு நேரே கையை நீட்டிப் பிடித்தாள்.

“இல்லை நகுலா,” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம் கீழை.”

அவள் கையை இறக்கினாள்.

“இவ்வளவா?”

“ஓம். அவ்வளவுதான்.”

அவள் கையை எடுக்கவில்லை.