வெந்த முகம்

சுண்டுவிரல் உயரத்தில், பலகை விளையாட்டுக் காயாக, அடுப்பில் சுட்டால் இறுகும் பாலிமர் களிமண்ணில் ஒரு போர்வீரன் உருவாகிக்கொண்டிருந்தான்.

“பல்லைக் கடிக்கிற மாதிரி வை. பார்க்கிறவன் நடுங்கணும்,” என்றான், தன் முகத்தைக் கீறிக்கொண்டிருந்த ஊசியிடம்.

“அடுப்புக்குப் போகிறவரைதான் என்னால மாத்த முடியும். யோசிச்சுக்கோ.”

“யோசிக்க என்ன இருக்கு? இன்னும் அழுத்து!”

வீரன் வெந்து, இறுகி வெளியே வந்தான். மிஞ்சிய மண்ணில் அவனுக்குத் துணையாக ஒரு நாய்க்குட்டி பிறந்தது. இன்னும் வேகாமல் மெத்தென்றிருந்த அது, வாலைத் தூக்கி ஆட்டியபடி அவனை அண்ணாந்து பார்த்தது. வாலாட்டம் நின்றது.

“அண்ணே, என்மேல ஏன் கோபம்?”

“கோபமில்லடா. முகம் வெந்துபோச்சு.”

கடித்த பல்லுக்கிடையே வந்ததால் அந்தப் பதிலும் அதட்டலாகவே கேட்டது. நாய்க்குட்டி வாலைக் காலிடுக்கில் ஒளித்துக்கொண்டது.

அப்படியே அதுவும் அடுப்புக்குப் போனது.